அக்கரையாரின் கல்லுப்பாதை

எங்கள் தோட்டத்தின் கிழக்கு எல்லை ஒரு ஓடை. கொஞ்சம் கால் நீளமான ஆள் ஓடி வந்து பாய்ந்தால் தாண்டிவிடலாம். என் கணவர் ஒரு தடவை பாய்ந்து பார்த்து இடுப்புவரை நனைந்து வந்தார். அவருக்குக் கால் நீளமில்லை, நினைப்புத்தான் நீளம். இந்தச் சின்ன ஓடைக்கு இருக்கிற சட்டங்களைக் கேட்டு நான் தொடக்கத்தில் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. அந்த ஓடையால் நாங்கள் ஒரு நல்ல மனிதரை இழந்தோம். அவர் செத்துப்போனதைச் சொல்லவில்லை, அது பிறகு நடந்தது. அதற்கு முதலே இழந்துவிட்டோம்.

என் கணவர், இவர், டென்மார்க்கில் கோல்டிங் என்ற பட்டணத்தில் யன்னல் செய்யும் தொழிற்சாலையில் முதுகு தேயும்வரை நின்றவர். நான் வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலை செய்கிறேன். பிள்ளைகள் படித்து முடித்து ஆளுக்கொரு பக்கம் போன பிறகு, பட்டணத்துக்கு வெளியே ஒரு பழைய செங்கல் வீட்டை அதோடு கிடந்த நிலத்துடன் வாங்கினோம். வெளியில் வெங்காயமும் பூசணியும் பீட்ரூட்டும். பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் பயித்தங்காய், கத்தரி, பாவல், மிளகாய். ஒடென்சேயில் இருக்கிற தமிழ்க் கடைவரை எங்கள் பயித்தங்காய் போனது. மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால், "வாங்கோ கமக்காரர்" என்று பகிடி பண்ணுவார்கள். இவருக்கு அது பகிடி என்றே தெரியாது, நெஞ்சை நிமிர்த்துவார்.

தோட்டத்துக்கு இறைப்பது ஓடைத் தண்ணீரைத்தான். அதற்கு அனுமதி தந்த கொம்யூன் என்கிற நகரசபை, விளக்கம் சொல்ல ஒரு அலுவலரையும் அனுப்பியது. எங்கள் மகளின் வயதுப் பெண், முழங்கால்வரை றப்பர் பூட்ஸ். ஓடைக்குள் ஒரு கம்பத்தை நட்டு அதில் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். தண்ணீர் கோட்டுக்கு மேலே நிற்கும்வரை இறைக்கிற மிசினைப் போடலாம், கோட்டைத் தொட்டால் நிறுத்த வேண்டும். கோடை முடிவில் ஓடைக்குள் முளைத்த புல்பூண்டை வெட்டிவிடுவது கரைக்காரரின் கடமை. வெட்டாவிட்டால் தண்ணீர் தேங்கி மேலே இருப்பவரின் வயலுக்குள் ஏறிவிடும். ஆனால் நடுவில் மட்டும்தான் வெட்டலாம், இரண்டு ஓரத்துப் பூண்டும் அப்படியே நிற்க வேண்டும். அடியில் மண்வெட்டி படக் கூடாது. கரையோரம் ஒரு துண்டு நிலத்தை உழாமல், பசளை போடாமல் விட வேண்டும். ஏன் என்று இவர் கேட்டார். மீன், மீன்கொத்தி, நீர்நாய் என்று அவள் அடுக்கினாள். நான் மொழிபெயர்த்தேன்.

இவர் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் மகன். அவருடைய கண்ணுக்கு இது ஓடையில்லை, வாய்க்கால். வாய்க்காலுக்குள் புல் நின்றால் தோட்டக்காரன் சோம்பேறி என்று பார்க்கிறவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். தண்ணீர் சத்தம் போடாமல் ஓட வேண்டும். சத்தம் கேட்டால் எங்கேயோ தடக்குப்படுகிறது என்று அர்த்தம். அப்படி வளர்ந்த மனிதரிடம் ஓரத்துப் பூண்டை விடு என்றால், பாதி முகம் சவரம் செய்துகொண்டு கல்யாண வீட்டுக்குப் போ என்ற மாதிரி. முதல் வருடம் நடுவை மட்டும் வெட்டிவிட்டுக் கரையில் ஏறி நின்று பார்த்தார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஆனாலும் ஓரங்களைத் தொடவில்லை.

பிறகு ஒரு கோடை மழையே இல்லாமல் போனது. பயித்தை காய்க்கிற நேரம். தண்ணீர் இறங்கி இறங்கிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. இவர் மிசினை நிறுத்தினார். எனக்குத்தான் மனம் பொறுக்கவில்லை. "இஞ்சேருங்கோ, கொஞ்ச நேரம் போட்டால் ஆர் காணப் போகினம்?" என்றேன்.

"நான் காணுவன்" என்றார்.

வீட்டுக் குழாயிலிருந்து வாளி வாளியாகத் தூக்கிக் கூடாரத்தில் ஒரு பாதியைக் காப்பாற்றினார், மற்றப் பாதி காய்ந்தது. இதை முதலே சொல்லி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பின்னர் நடந்ததை அரைகுறையாகக் கேட்டவர்கள், சட்டத்தை மதிக்காத ஆள் என்று இவரைப் பேசினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அந்தக் கோடையில்தான் அக்கரையாரின் சிநேகம் வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்த டெனிஷ் மனிதர் அவர். முன்பு பன்றி வளர்த்தவர், மனைவி இல்லை, ஒரே மகள் ஓகூஸ் பட்டணத்தில். வீட்டுக்குள் அக்கரையார் என்றே அவரைச் சொல்லிப் பழகிவிட்டோம். அதுவரை தூரத்தில் நின்று கையைத் தூக்குவதோடு சரி. மிசின் நின்ற அன்று ஓடைக்கரைக்கு வந்தார். கம்பத்தைப் பார்த்தார், மிசினைப் பார்த்தார், காயத் தொடங்கிய கூடாரத்தைப் பார்த்தார், திரும்பிப் போனார். அடுத்த நாள் ஓடைக்குக் குறுக்கே ஒரு நீளப் பலகை கிடந்தது. பழைய பன்றிக் கொட்டிலின் கூரையில் விழுந்த மழைத் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் பெரிய தாங்கி ஒன்று அவரிடம் இருந்தது. அதிலிருந்து எடு என்று கையால் காட்டினார். அந்தத் தண்ணீரில்தான் மிஞ்சிய பாதி தப்பியது.

அதன் பிறகு பலகை அங்கேயே கிடந்தது. இவர் பேசுவது தொழிற்சாலை டெனிஷ், அவர் பேசுவது வாய்க்குள் மெல்லுகிற யூட்லாந்து டெனிஷ். இருவரும் என்ன விளங்கிக்கொண்டார்கள் என்பது கர்த்தருக்குத்தான் வெளிச்சம். ஆனால் பின்னேரம் மிசின் போட்டுவிட்டு இவர் பலகையைத் தாண்டுவார். மிசின் சத்தம் கேட்டதும் அவர் கோப்பிக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பார். தோட்டம் நனைந்து முடியும்வரை இருவரும் அவருடைய வாசலில் கிடந்த மர வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். முப்பது வருடமாக இந்த நாட்டில் இவருக்குச் சக வேலையாட்கள் இருந்தார்கள், அயலவர்கள் இருந்தார்கள். சிநேகிதர் என்று இருந்தது அவர் ஒருவர்தான். பொறாமையாகக்கூட இருந்தது எனக்கு. என்னோடு அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை இந்த மனிதர்.

இரண்டு வருடம் அப்படிப் போனது. மூன்றாம் வருடம் அக்கரையாருக்கு இடுப்பு வலி தொடங்கியது. எங்கள் எல்லைக்கு மேலே ஓடை ஒரு வளைவில் திரும்பி முழுவதும் அவருடைய நிலத்துக்குள் ஓடுகிறது. அந்தத் துண்டில் அந்தக் கோடை முடிவில் அவரால் பூண்டு வெட்ட முடியவில்லை. குளிர்காலம் பிறந்ததும் இடுப்பைச் சத்திரசிகிச்சை செய்யக் கோல்டிங் ஆஸ்பத்திரிக்குப் போனார். போன கையோடு மழை பிடித்துக்கொண்டது. மேலே கோதுமை விதைத்திருந்த கமக்காரர் இவருக்குத் தொலைபேசியில் கத்தினார். தன் வயல் தண்ணீருக்குள் கிடக்கிறதாம், அக்கரையார் ஓடையைப் பராமரிக்கவில்லை என்று கொம்யூனுக்கு முறையிடப் போகிறாராம்.

இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கட்டிலில் கிடக்கிற மனிதருக்கு இப்படி ஒரு கரைச்சலா என்று அங்குமிங்கும் நடந்தார். எங்கள் சனத்தில் ஒருவர் படுத்துவிட்டால் அவருடைய தோட்டத்து வேலையை மற்றவர்கள் போய்ச் செய்து முடிப்பார்கள். அவரைக் கேட்பதில்லை. கேட்டால், உங்களுக்கு ஏன் சிரமம் என்று மறுக்கத்தான் செய்வார். ஆகவே கேட்பதுதான் மரியாதைக் குறைவு. டெனிஷ்காரரிடம் இது தலைகீழ். கேட்காமல் அடுத்தவர் நிலத்தில் கால் வைப்பதே மரியாதைக் குறைவு. இது எங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் ஒருவரில் அன்பு முற்றினால் அவரும் எங்கள் ஆள்தான் என்று மனம் எடுத்துக்கொள்கிறது, எந்த நாடு என்பது மறந்துபோகிறது.

ஒரு சனிக்கிழமை கோயில் பெடியள் வந்தார்கள். பெடியள் என்று பெயர்தான், எல்லோருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, இரண்டு பேருக்குப் பேரப்பிள்ளைகள். விறாண்டியும் மண்வெட்டியும் தள்ளுவண்டிலுமாக வளைவுக்கு மேலே இறங்கினார்கள். நான் ரோல்சும் தேத்தண்ணியும் கொண்டுபோனேன். கைகால் விறைக்கிற குளிர். அதற்குள் நின்று ஊர்ப் பாட்டும் பகிடியுமாக வேலை செய்தார்கள். அன்றைக்கு இவர்களைப் பார்க்க எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

பூண்டை இழுத்து முடித்த பிறகு ஒரு இடத்தில் தண்ணீர் சலசலவென்று ஓடியது. இவர் காதைக் கொடுத்துக் கேட்டார். பார்த்தால் அடி நிறையச் சரளைக் கற்கள், முட்டை அளவில், கை அளவில், ஓடையின் அகலத்துக்குப் பரவிக் கிடந்தன. கரை இடிந்து விழுந்திருக்கும் என்றார் ஒருவர். பிள்ளைகள் எறிந்திருப்பார்கள் என்றார் இன்னொருவர். அடியைத் தொடக் கூடாது என்று சொன்னவர்கள் அல்லவா என்று நான் கரையில் நின்று கேட்டேன்.

"அடியை வெட்டத்தான் கூடாது. நாங்கள் வெட்டேல்லை, பொறுக்கிறம்" என்றார் இவர். "இது அடியே? அடியில விழுந்த குப்பை."

நியாயமாகத்தான் பட்டது. எல்லோரும் குனிந்து கல்லெல்லாவற்றையும் பொறுக்கினார்கள். ஒருவர் கல்லுக்கிடையிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்ன மணிகளை அள்ளிக் காட்டி, யாரோ கலர்ச் சவ்வரிசியைக் கொட்டியிருக்கிறார்கள் என்று சிரித்தார். கரையில் நின்ற மரத்துச் சிவப்புப் பழங்களின் விதையாக இருக்கும் என்று இன்னொருவர் சொல்ல, எல்லோரும் சரி என்றார்கள். தண்ணீர் அதைக் கொண்டுபோனது. கடைசிக் கல்லை எடுத்ததும் ஓடை சத்தமில்லாமல் ஓடியது. இவருடைய முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

பொறுக்கிய கல்லையும் வீணாக்கவில்லை. அக்கரையாரின் வாசலிலிருந்து ஓடைக்குப் போகும் வழி மழைக்குச் சேறாகிக் கிடந்தது. ஊன்றுகோலோடு வரப்போகிறவர் வழுக்கி விழக் கூடாது என்று, இவர் அந்தக் கல்லையெல்லாம் பரப்பி, இடித்து, மட்டம் பார்த்து ஒரு பாதை போட்டார். மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகும் முழங்காலில் நின்று கல் அடுக்கினார்.

அக்கரையாரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தது நான். அவருடைய மகள் வேலை முடித்து வர இரவாகும் என்பதால் நான் போகிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தேன். வாய் திறக்காத மனிதர், அன்றைக்குக் காரில் தானாகவே பேசினார். எனக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்றார். வளைவுக்கு மேலே தானும் மீன்பிடிக்கும் சிநேகிதர்களும் சேர்ந்து, கொம்யூனின் அனுமதியோடு, கல் கொட்டிப் பரப்பியிருக்கிறார்களாம். கடலில் வளர்கிற ட்ரவுட் மீன் முட்டையிட ஓடைக்குள் ஏறி வரும். சரளைக் கல்லும், கல்லில் அடிபட்டு ஓடும் தண்ணீரும் இருந்தால்தான் சினை மூச்சு விடும். மூன்று குளிர்காலம் காத்திருந்தாராம், வரவில்லை. களவாகப் பிடிக்கிறவர்களுக்குப் பயந்து யாருக்கும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் போய்ப் பார்த்தபோது இரண்டு மீன்கள் கல்லின் மேல் புரண்டு குழி பறித்துக்கொண்டிருந்தனவாம். சின்ன வயதில் கண்டது, அதற்குப் பிறகு இப்போதுதான் கண்டேன் என்றார். உன்னுடைய மனிதரைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்றார்.

செம்மஞ்சள் சவ்வரிசி கண்ணுக்குள் வந்து நின்றது. சொல்ல வாயெடுத்தேன், டெனிஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை. அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டு வந்தார். அந்த வீதி முடியாமல் நீண்டுகொண்டே போக வேண்டும் என்று மாதாவை மன்றாடினேன்.

வாசலில் இவர் நின்றார். சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார். பாதையைக் கையால் காட்டினார். அக்கரையார் காரிலிருந்து இறங்கி ஊன்றுகோலை ஊன்றினார். கீழே பார்க்கவில்லை. தலையைச் சரித்து ஓடைப் பக்கம் காதைக் கொடுத்தார். சத்தம் இல்லை. பிறகுதான் காலடியைப் பார்த்தார். ஒவ்வொரு அடியாகப் பாதையின் கடைசிவரை நடந்து ஓடையைப் பார்த்தார். திரும்பி வந்து இவருடைய கையைப் பிடித்து, "தக்" என்றார். நன்றி. அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

நான் இவருக்கு விஷயத்தைச் சொன்னபோது இவர் அந்தப் பாதையிலேயே குந்திவிட்டார்.

கொம்யூன் பெண் வந்தாள். மீன்பிடிக்காரர் யாரோ கண்டு அறிவித்திருந்தார்கள். அவள் கடுமையாகப் பேசவில்லை, ஆனால் நடந்தது பாரதூரமான விஷயம் என்றாள். அடியைக் கலைத்தவர்கள் யாரென்று எழுத வேண்டும், அது இவர் என்றால் இறைக்கிற அனுமதியையும் திரும்பப் பார்க்க வேண்டிவரும் என்றாள். அனுமதி போனால் தோட்டமில்லை. இவர் வாய் திறக்க முதல் அக்கரையார் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தார். நான்தான் செய்யச் சொன்னேன், கல்லைப் பற்றிச் சொல்ல மறந்தது என்னுடைய பிழை என்றார். அவள் எழுதிக்கொண்டாள். அடுத்த கோடையில் புதுக் கல் போட்டு ஓடையைப் பழையபடி ஆக்குவது அவருடைய பொறுப்பென்று ஆனது. எங்கள் அனுமதி தப்பியது.

அன்று சமையலறையில் இவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "எனக்காக அந்த மனிசன் பொய் சொல்லிப்போட்டார். இனி எந்த முகத்தோட நான் அங்கை போறது?" என்றார். போய் ஒரு வார்த்தை கதையுங்கோ என்று கெஞ்சினேன், கோபித்தேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். மீன் திரும்பி வரட்டும், பிறகு போறன் என்றார். மீன் இவருடைய வெட்கத்தைப் பார்த்தா வரும்?

கோடையில் மீன்பிடிக்காரர்கள் லொறியில் புதுக் கல் இறக்கினார்கள். இவரும் போய் அவர்களோடு நின்று கல் சுமந்தார். பாதையில் கிடக்கும் கல்லையும் அள்ளித் திரும்பப் போடட்டுமா என்று ஒருவரிடம் கேட்டார். பாதையை யாரும் தொடக் கூடாது என்று கிழவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார் என்றார் அந்த ஆள். இவருக்கு முகம் செத்துப்போனது. செய்ததைத் தான் தினமும் பார்க்க வேண்டுமென்றுதான் அக்கரையார் விட்டு வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார். கூடாரத்தின் அந்தப் பக்கத்து வாசலையே பூட்டிவிட்டார்.

அதோடு மிசினையும் தொடவில்லை. தண்ணீர் கோட்டுக்கு மேலே தாராளமாக ஓடியது, அனுமதி கையில் இருந்தது. ஆனாலும் ஓடையில் ஒரு சொட்டு எடுக்க மாட்டேன் என்றார். மழைத் தண்ணீருக்குப் பீப்பாய்கள் வைத்தார். பயித்தை நடவில்லை, கூடாரத்தில் பாதி வெறுமையாகக் கிடந்தது. கடைக்காரர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள். அக்கரையாருக்கு இடுப்பு சரியாக ஆறவேயில்லை, பலகையில் ஏற அவரால் முடியாது. நான் சமைத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வாங்கிக்கொண்டு, எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பார். கேட்க மாட்டார். நான் வீட்டுக்கு வந்து சொன்னால் இவர் எழுந்து வெளியே போய்விடுவார். ஒரே ஓடையின் இரண்டு கரையில் இரண்டு பிடிவாதக்காரரை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு அது. இரண்டு குளிர்காலம் வந்து போனது, மீன் வரவில்லை.

போன மாசியில் அக்கரையார் நித்திரையிலேயே போய்விட்டார்.

அடக்கப் பூசை முடிந்து, இந்த நாட்டு வழக்கப்படி கோப்பியும் கேக்கும் தந்தார்கள். இவர் ஒரு மூலையில் கோப்பையைக் கையில் பிடித்தபடி குடிக்காமல் நின்றார். அக்கரையாரின் மகள் நேரே எங்களிடம் வந்தாள். பாதை போட்டது நீங்கள்தானே என்று இவரைக் கேட்டாள். மன்னிப்புக் கேட்க இவர் வாயெடுக்க முதல் அவள் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

அப்பா அந்தப் பாதையில் தினமும் நடந்தாராம். வாழ்நாளில் தன் காலுக்கென்று யாரும் ஒரு கல் வைத்ததில்லை, அதை யாரும் தொடக் கூடாது என்பாராம். உங்களுக்குத் தன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தார் என்றாள். கோட்டில் மிசினை நிறுத்துகிற மனிதருக்கு மீனைப் பற்றி முதலே சொல்லியிருந்தால் அந்தக் கல்லைக் காவல் காத்திருப்பார், சொல்லாதது தன் பிழை என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொல்வாராம். கோடைக்காலத்துப் பின்னேரங்களில் யன்னலைத் திறந்து வைப்பாராம். மிசின் சத்தம் ஏன் கேட்கவில்லை, அந்த மனிதருக்குச் சுகமில்லையோ என்று தொலைபேசியில் அவளிடம் விசாரிப்பாராம்.

இவர் அழுது நான் கண்டது குறைவு. தாய் செத்ததைக் கேட்டபோதும் கொட்டிலுக்குள் போய்த்தான் அழுதார். அன்று அத்தனை டெனிஷ்காரருக்கு முன்னால் நின்று அழுதார். காரில் வரும்போது ஒரு வசனம்தான் பேசினார். "பலகைதானே கிடந்தது. ஒருக்காத் தாண்டியிருக்கலாம்."

இந்தக் கோடை பயித்தை நட்டிருக்கிறார். முதல் கொடி பந்தலைப் பிடித்த அன்று பின்னேரம் கம்பத்தைப் போய்ப் பார்த்தார். தண்ணீர் கோட்டுக்கு மேலே நின்றது. வளைவுக்கு மேலே ஓடை கல்லில் அடிபட்டுச் சலசலத்தது. அந்தச் சத்தம் இப்போது அவரைத் தொந்தரவு செய்வதில்லை. மிசினை முடுக்கிவிட்டு, பழைய பழக்கத்தில் பலகையைத் தாண்டிப்போய் வாங்கில் இருந்தார். வீடு விற்பனைக்குக் கிடக்கிறது, யன்னல்கள் பூட்டு. தோட்டம் நனைந்து முடியும்வரை இருந்துவிட்டு வந்தார். வந்தவர் என்னிடம் கோப்பி கேட்டார். ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் ஆற வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.